நீ வாசிச்சா எனக்குப் பாட வராது

“நீ வாசிச்சா எனக்குப் பாட வராதுப்பா.”

அம்மா இதைச் சொன்னது ஒரு ஞாயிறு மதியம், எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே. குறையாகச் சொல்லவில்லை. மூட்டு வலிக்கிறது, இட்லி மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்வோமே, அந்த மாதிரி இருக்கிற நிலவரத்தைச் சொன்னாள். நான்தான் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

அம்மாவுக்கு 71 வயது. பாமாலையில், அதாவது எங்கள் ஞானப்பாட்டுப் புத்தகத்தில், எண்ணைச் சொன்னால் போதும், புத்தகத்தைத் திறக்காமலே மூன்று சரணம் பாடுவாள். எனக்குத் தெரிந்த கீர்த்தனைகளில் பாதி அவளுடைய துவைக்கிற கல்லிலிருந்து வந்தவைதான். அப்படிப்பட்டவளுக்கு, 19 வருடமாகக் கோயிலில் கீபோர்டு வாசிக்கிற மகன் வாசித்தால் பாட வரவில்லையாம்.

“ஏன் வராது?”

“வராதுன்னா வராது. நீ ஒசரத்துல பிடிக்கே. மூச்சு விடவும் விட மாட்டேங்கே. நான் புஸ்தகத்தைப் பார்த்துக்கிட்டு சும்மா நின்னுக்கிடுவேன்.”

நான் நம்பவில்லை. வயதாகிவிட்டது, குரல் போய்விட்டது, பழியை என் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆலயம் திருநெல்வேலிப் பக்கத்துச் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களின் வழக்கமான நீளவாக்கு. கீபோர்டு இருப்பது பீடத்துக்கு இடப்பக்கம், இரண்டு படி மேலே. எனக்கு நேர் முன்னால் தரையில் ஒரு மானிட்டர், வாசிக்கிறவர் கேட்பதற்கான ஸ்பீக்கர். அதில் என் கீபோர்டும் பாடகர் குழுவின் நான்கு மைக்கும் வரும். சபையின் குரல் அதில் வர வழியே இல்லை. சபைக்கு ஏது மைக்? ஆக 19 வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது என்னையும் எனக்குப் பக்கத்தில் நிற்கும் பதினான்கு பேரையும்தான். “இன்னைக்குச் சபை நல்லாப் பாடிச்சு ஐயா” என்று நான் எங்கள் போதகர் ஐயரிடம் சொன்ன ஞாயிறுகளில் பாடகர் குழு நன்றாகப் பாடியிருக்கும், அவ்வளவுதான்.

போன வருடம் சபைக் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவன் நன்றாக வாசிக்கிறான், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவன் வாசிக்கட்டும் என்று. நியாயமான முடிவு. எனக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

கீழே உட்கார்ந்த முதல் இரண்டு முறையும் நான் கேட்டது சபையின் காதால் என்று சொல்ல முடியாது. தம்பி எந்த இடத்தில் மைனருக்குப் பதில் மேஜர் வைக்கிறான், இடது கை எங்கே தடுமாறுகிறது, ரிதம் மாற்றும்போது எங்கே பிசகுகிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மேலே இருந்ததைவிட மோசமான காது அது. மூன்றாவது முறை அம்மா பாமாலைப் புத்தகத்தை என் கையில் திணித்தாள். “கையைக் கட்டிக்கிட்டுப் பரீட்சைக்கு வந்த வாத்தியார் மாதிரி நிக்காதே. பாடு.”

பாட வாயைத் திறந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. தம்பி வாசித்த முன்னிசை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. பாட்டின் மெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மேலே ஏறி, அழகாக ஒரு சுழி சுழித்து இறங்கும். மேலே இருக்கும்போது அதன் முடிவு எனக்குப் பட்டப்பகல் மாதிரி தெரியும், ஏனென்றால் நான்தான் முடிக்கிறேன். பாடகர் குழுவுக்கும் தெரியும், நான் தலையை ஆட்டுவேன். கீழே இருப்பவர்களுக்கு என் தலை தெரியாது. முன் பெஞ்சு ஆரம்பித்த பிறகு நடு பெஞ்சு, நடு பெஞ்சைப் பார்த்துக் கடைசி பெஞ்சு என்று முதல் வரி முழுவதும் ஆட்கள் ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஏறினார்கள். எனக்கு இடம் கிடைத்தது இரண்டாம் வரியில்.

அடுத்தது மூச்சு. பழைய ஞானப்பாட்டு மெட்டுகளில், முக்கியமாக ஜெர்மனியிலிருந்து வந்தவற்றில், ஒவ்வொரு அடியின் முடிவிலும் சுரத்தின் தலைமேல் ஒரு புருவமும் புள்ளியும் போட்டிருக்கும். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பிறகு லுத்தரன் மிஷனரிகள் வழியாக நம் பக்கம் வந்து சேர்ந்த மெட்டுகள் அவை. வரிகளைத் தமிழாக்கியவர்களில் பெப்ரிசியுஸ் ஐயர் முக்கியமானவர். அந்தப் புருவம் அடி முடிகிற இடத்தைக் காட்டுகிறது. அங்கே ஊர்கூடிப் பாடுகிறவர்கள் நிற்பார்கள், மூச்சு எடுப்பார்கள், பிறகு போவார்கள். கீபோர்டின் ரிதத்துக்குப் புருவம் தெரியாது. நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்தால் 90தான். எங்கள் பெஞ்சில் ஆறு பேர். அடியின் முடிவில் மூச்சு எடுத்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்த அடியின் முதல் சொல் போயிருக்கும். இரண்டு அடி இப்படித் துரத்திப் பார்த்தார்கள். மூன்றாம் அடியில் ஆறில் மூன்று பேர் விட்டுவிட்டார்கள். அம்மா சொன்ன ‘சும்மா நின்னுக்கிடுவேன்’ என் கண்ணெதிரே நடந்தது.

நான் மேலே இருந்து இதை என்னவென்று சொல்லி வந்தேன் தெரியுமா? “சபை இழுக்குது.” எல்லா ஊர்க் கீபோர்டுக்காரர்களும் சொல்கிற வசனம் இது. இழுக்கத்தான் செய்யும். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 343 மீட்டர் போகும். எங்கள் ஆலயத்தில் முன்னால் மட்டும்தான் ஸ்பீக்கர். அங்கிருந்து கடைசி பெஞ்சு 30 மீட்டர் இருக்கும். நான் வாசிப்பது அங்கே போய்ச் சேர நொடியில் பதினொன்றில் ஒரு பங்கு ஆகிவிடும். அதைக் கேட்டு அவர்கள் பாடுவது என்னிடம் திரும்பி வர இன்னொரு அவ்வளவு. 90 வேகத்தில் இது தாளத்தின் கால் தட்டுக்கும் கொஞ்சம் மேல். அவர்கள் தாளத்தில் சரியாகப் பாடினாலும் எனக்கு இழுப்பதாகத்தான் கேட்கும். நான் அவர்களுக்காகக் காத்திருந்தால் அவர்கள் எனக்காகக் காத்திருப்பார்கள், பாட்டு இருக்கிற இடத்திலேயே படுத்துவிடும். பைப் ஆர்கன் வாசிப்பவர்களுக்கு இது பாலபாடம். காதுக்குத் திரும்பி வருவதை நம்பாமல் கையை முன்னே விட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நடுத் தூண்களில் ஸ்பீக்கர் மாட்டிய ஆலயங்களில் கூத்து வேறு மாதிரி: தூண் ஸ்பீக்கரில் பாட்டு உடனே வந்துவிடும், பீடத்துப் பக்கம் அடிக்கிற டிரம்ஸ் சத்தம் தாமதமாக வந்து இரண்டாகக் கேட்கும். மிக்ஸரில் வசதி இருந்தால் தூண் ஸ்பீக்கரை மீட்டருக்கு 3 மில்லி செகண்டு கணக்கில் தாமதப்படுத்தலாம். மைக் செட்டுக்காரரிடம் சொன்னால் செய்து தருவார், கேட்கத்தான் ஆள் வேண்டும்.

உயரத்துக்கு வருகிறேன். அம்மாவின் முதல் குற்றச்சாட்டு அதுதான்.

கர்நாடக சங்கீதத்தில் சுருதியின் உயரத்தைக் கட்டை என்பார்கள். ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. ஆளுக்கு ஆள் சுருதி மாற்றிக்கொள்ளலாம். கோயிலில் அது நடக்காது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒரே சுருதியில், ஸ்தாயி மட்டும் மாற்றிப் பாட வேண்டும். அப்போது யாருக்காவது இடிக்கும். மேலே போனால் பெண்களுக்கும், பிடிக்கிற இடத்தைப் பொறுத்துச் சில ஆண்களுக்கும். நான் பெரும்பாலான கீர்த்தனைகளை டி மேஜரில், அதாவது இரண்டு கட்டையில் பிடிப்பேன். காரணம் பக்தி அல்ல. கிட்டார் வாசிக்கிற பையனுக்கு டி வசதி, குழுவில் முன்வரிசைப் பெண்களுக்கு அங்கே குரல் கணீரென்று இருக்கும். பல கீர்த்தனைகள் பல்லவியில் சாதுவாகக் கிடந்து சரணத்தில் மேல் காந்தாரத்தை, அதாவது மேல் ஸ்தாயி ‘க’வை, தொட்டுவிட்டு வரும். டி மேஜரில் அந்தக் காந்தாரம் எஃப் ஷார்ப். உச்சக் குரலில் பாடுகிற, பயிற்சி உள்ள சோப்ரானோவுக்கு அது ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள் பாடுகிற, காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வந்த பெண்ணுக்கு அது ஓட்டு வீட்டு முகடு.

பக்கத்தில் நின்று பார்த்தேன். பல்லவியில் அம்மா நன்றாகப் பாடினாள். சரணத்தில் ஏறும்போது தாடை இறுகியது, கழுத்து நரம்பு தெரிந்தது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பார்த்தாள். அது முனகலாகப் போயிற்று. பிறகு உதடு மட்டும் அசைந்தது. பல்லவி திரும்பி வந்ததும் மறுபடி குரல். முன்னால் நான்கு வரிசையிலும் இதே கதைதான். சரணத்தில் சபை காணாமல் போய்ப் பல்லவியில் திரும்பி வருகிறது. மேலே இருந்தபோது நான் கேட்டது குழுவின் கணீரை.

கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் போட்டிருக்கிறது, கட்டை போடவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பாட்டு கட்டிய காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. மதுரை அமெரிக்கன் மிஷனின் எட்வர்டு வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகும், கிராமங்களில் எத்தனை பேருக்கு எழுத்து வாசிக்கத் தெரியும்? உபதேசியார் ஒரு வரி பாடுவார், சனம் அதைத் திருப்பிப் பாடும். வாங்கிப் பாட முடியாத உயரத்தில் பிடித்தால் அடுத்த வரி அவருக்குத் திரும்பி வராது, அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. சபை பாடாவிட்டாலும் என் பாட்டு ஓடும். இதில் சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டன் என் கட்டைவிரலுக்கு நான்கு அங்குலத்தில் இருந்தது.

நான் மேலே ஏறிய அடுத்த ஞாயிறு டிரான்ஸ்போஸ் மைனஸ் 4. டி மேஜர் விரல்களில் பி ஃபிளாட், ஆறரைக் கட்டை. மேல் காந்தாரம் இப்போது டியில் நிற்கும். கிட்டார் தம்பி முகம் சுளித்தான். மூன்றாம் கட்டத்தில் கேப்போ என்கிற கவ்வியை மாட்டி ஜி மேஜர் பிடித்துக்கொள் என்றதும் சரியாகிவிட்டான். ஆண்களில் மேல்குரல் பாடுகிற டெனர் அண்ணாச்சி ஒருவர் ஆராதனை முடிந்ததும் வந்து, “என்னடே, பாட்டு தரையில தட்டுது” என்றார். உண்மைதான், அவருக்குத் தட்டும். எல்லாருக்கும் பொருந்துகிற சுருதி என்று ஒன்று கிடையாது. ஆனால் யாருக்கு இடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது நான். 19 வருடம் அது பெண்களுக்கு இடித்தது, இப்போது கொஞ்ச நாள் அண்ணாச்சிக்கு இடிக்கட்டும். சில பாட்டுகளை மைனஸ் 2, 3 என்று பிறகு ஏற்றிக்கொண்டேன். என் புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சுழிக்கிற முன்னிசையைக் கைவிட்டுவிட்டேன். பாட்டின் கடைசி வரியை அதே வேகத்தில், அதே மெட்டில் வாசித்து, ஒரு மூச்சு இடம் விட்டுவிடுகிறேன். சாதுவாக இருக்கிறது, ஒருவரும் பாராட்டவில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிறார்கள். சரணங்களுக்கு நடுவில் வைத்திருந்த இடையிசைகளையும் ஒரே அளவாக்கிவிட்டேன்; முன்பு முதல் சரணத்துக்குப் பிறகு நாலு, இரண்டாவதற்குப் பிறகு எட்டு என்று என் மனம்போல இருக்கும். பாமாலைகளுக்கு ரிதமே இல்லை. புரொஜக்டர் ஓட்டுகிற பிள்ளைகளிடம் கடைசிச் சொல்லுக்கு முன்பே அடுத்த பக்கத்தைத் தட்டச் சொல்லியிருக்கிறேன். ஐந்து தடவை சொன்னால் மூன்று தடவை தட்டுகிறார்கள்.

சனிக்கிழமைப் பயிற்சியைப் பற்றி ஒன்று. ஆளில்லாத ஆலயத்தில், மின்விசிறி நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்வோம். கல் தரை, வெறும் சுவர், எல்லாம் கணகணவென்று ஒலிக்கும், அதற்கேற்ப மிக்ஸரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். ஞாயிறு முந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் சேலையும் சட்டையும் உடம்பும் அந்த ஒலியைக் குடித்துவிடும், முதலில் போவது மேல் ஸ்தாயிக் கூர்மை, சொல்லின் மெய்யெழுத்துகள். அதோடு பதினாறு மின்விசிறி. இப்போது பயிற்சியில் விசிறிகளைப் போடச் சொல்கிறேன். பாதிப் பாட்டில் தம்பியை வாசிக்கவிட்டு நான் கடைசி பெஞ்சு, தூணுக்குப் பின்னால், பெண்கள் பக்கம் வாசலோரம் என்று நின்று பாடிப் பார்க்கிறேன். கேட்டுப் பார்த்தால் மட்டும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பாடினால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரிகிறது.

பெருமைப்பட ஆரம்பித்த நேரத்தில்தான் கரண்டு போனது. என்னுடைய ஞாயிறு, கீர்த்தனையின் இரண்டாம் சரணம். கீபோர்டு, மைக், மானிட்டர், விசிறி எல்லாம் ஒரே வீச்சில் நின்றன. ஜெனரேட்டர் போட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பாடகர் குழு திகைத்து என்னைப் பார்த்தது. கீழே ஒருவரும் திகைக்கவில்லை. பாட்டு போய்க்கொண்டிருந்தது. எனக்கும் சபைக்கும் நடுவில் அந்த மானிட்டர் வாய் மூடியதும் நான் முதல்முறையாக மேலே இருந்தே அவர்களைக் கேட்டேன். கொஞ்சம் வேகம் குறைந்தது, அடிக்கு அடி மூச்சு விட்டார்கள், ஒருவர் குரலை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வலப்பக்கம் யாரோ ஒரு பாட்டி சரணத்தின் கடைசிச் சொல்லை மற்றவர்களைவிட அரை மூச்சு அதிகம் பிடித்தார், அவர் விட்ட பிறகுதான் எல்லாரும் பல்லவிக்குப் போனார்கள். அந்த ஆலயத்தில் தாளம் யார் கையில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஜெனரேட்டர் வந்தது. கீபோர்டு விளக்கு எரிந்தது. நான் ஆவலில் அடுத்த சரணத்துக்குக் கை வைத்தேன். பவர் போய் வந்தால் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? முந்நூறு பேர் ஆறரைக் கட்டையில், துணையில்லாமல் பாடியதில் அதற்கும் கொஞ்சம் கீழே இறங்கி நிற்க, நான் ஸ்பீக்கர் முழுக்க டி மேஜரை இறக்கினேன். பாட்டு நின்றுவிட்டது. ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். அம்மா இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கடைசிச் சரணத்தில் வேண்டுமென்றே கையை எடுத்துவிடுகிறேன். மானிட்டரையும் குறைத்து வைத்திருக்கிறேன். முதலில் குழுவுக்குப் பிடிக்கவில்லை. வாசிக்கத்தானே ஆளை வைத்திருக்கிறோம் என்று ஒருவர் கேட்டார். பழகிவிட்டது.

போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் கேட்டேன், இன்றைக்குப் பாட வந்ததா என்று.

“வந்துச்சு.” பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். “ஆனா அந்த ரெண்டாவது கீர்த்தனைக்கு மெட்டு அது இல்ல. உங்கப்பா ஊர்லதான் அப்படிப் பாடுவாக. எங்க ஊர்ல வேற மெட்டு. அது இன்னும் நல்லாருக்கும்.”

நாற்பத்தைந்து வருடமாக இந்த ஆலயத்துக்கு வருகிறாள். ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை.

“பாடிக் காட்டும்மா.”

குழாயை மூடாமலே பாட ஆரம்பித்தாள். பல்லவி வேறு தாளத்தில் போயிற்று, சரணம் நான் எதிர்பார்த்த இடத்தில் ஏறவே இல்லை. நான் மெதுவாகப் போனை எடுத்து ரெக்கார்டரை அழுத்தினேன். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். பாட்டு நின்றது.

“அதை முதல்ல கீழ வை” என்றாள்.